முள் 5.7-லேயே நின்றது: ஒரு தீவு நீர்மின் நிலையத்தில் நான்கு நாள்

பல்புகள் மங்கத் தொடங்கிய சாயங்காலம் நான் நிலையத்தில் இல்லை, படகுத்துறையில் இருந்தேன். உதவியாளர் தம்பி போனில் சொன்னது ஒரே வரி: "அண்ணே, தொட்டித் தண்ணி சில்லுன்னு இருக்கு."

வெளியாட்களுக்கு இது புரியாது. எங்கள் நிலையத்தில் சுமைக்கு ஏற்பத் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கிற வேலையே கிடையாது. டர்பைன் இரவும் பகலும் ஒரே அளவில் ஓடும். வீடுகள் எடுத்தது போக மிஞ்சுகிற மின்சாரத்தை ஈ.எல்.சி. என்கிற மின்னணுப் பெட்டி ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கியிருக்கும் ஹீட்டர்களுக்குத் தள்ளிவிடும். வீட்டுச் சுமையும் ஹீட்டர் சுமையும் சேர்ந்தால் எப்போதும் ஒரே தொகை. அதனால்தான் 50 ஹெர்ட்ஸ் ஆடாமல் நிற்கிறது. தொட்டி சூடாக இருந்தால் கையில் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஆறிப்போனால் கடைசி வாட் வரை ஊர் எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்போதோ நல்ல மழைக்காலம். ஓடையில் தண்ணீர் பாறை மேல் ஏறி வழிகிறது. தொட்டி ஆறுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

நான் மேலே வந்து சேர்ந்தபோது ஹெர்ட்ஸ் மீட்டர் 46-ஐக் காட்டியது. மின்னழுத்தம் 190 வோல்ட்.

நிலையத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மேலே ஃபோர்பே தொட்டியின் (குழாயில் இறங்கும் முன் தண்ணீர் தேங்கி நிற்கும் தொட்டி) நீர்மட்டத்துக்கும் கீழே நாசிலுக்கும் (தண்ணீரை டர்பைன் மேல் பீய்ச்சும் குறுகிய வாய்) இடையே 62 மீட்டர் உயரம். அதை இணைப்பது 540 மீட்டர் நீள எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய், உள்விட்டம் 200 மில்லிமீட்டர். நொடிக்கு 40 லிட்டர் இறங்கும். 9.81-ஐ 0.04-ஆலும் 62-ஆலும் பெருக்கினால் 24 கிலோவாட் சொச்சம். குழாய் உராய்வில் மூன்றரை மீட்டர் உயரம் கரைகிறது. டர்பைனும் ஜெனரேட்டரும் தங்கள் பங்கைத் தின்கின்றன. கம்பியில் ஏறுவது 15 கிலோவாட். இரண்டு நாசில் கொண்ட பெல்டன் டர்பைன்: பீய்ச்சும் தண்ணீர் கரண்டிகளில் அடித்துச் சக்கரத்தைச் சுற்றும். ரன்னர் என்கிற அந்தச் சக்கரம் 300 மில்லிமீட்டர். பெல்ட் கிடையாது, ஆறு துருவ ஜெனரேட்டரோடு நேரே இணைந்து நிமிஷத்துக்கு 1000 சுற்றில் ஓடுகிறது.

இதை நம்பி 23 வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்தகம். வீட்டுக்கு 5 ஆம்பியர் பிரேக்கர், அதற்கு மேல் எடுத்தால் விழுந்துவிடும். இது கஞ்சத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஸ்காட்லாந்தின் ஈக் தீவைச் சொல்வேன். 2008-இல் தொடங்கிய அவர்களுடைய சொந்த மின்னமைப்பில் நீரும் காற்றும் சூரியனும் மூன்றும் உண்டு, பெரிய நீர்மின் நிலையம் மட்டுமே 100 கிலோவாட். அங்கேயே வீட்டுக்கு 5 கிலோவாட் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கம்பி வராத இடத்தில் வேறு வழியில்லை.

சரி, பழுதுக்கு வருகிறேன்.

மின்சாரம் குறைந்தால் நான் முதலில் பார்ப்பது டர்பைனுக்கு முன்னால் குழாயில் இருக்கும் பிரஷர் கேஜ். குழாயில் தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது அது 6.1 பார் (அழுத்த அலகு) காட்டும். 62 மீட்டர் தண்ணீரின் எடை அவ்வளவுதான். இரண்டு நாசிலும் முழுசாக ஓடும்போது 5.7. ஓடும்போது முள் 5.7-க்குக் கீழே இறங்கினால் கோளாறு கேஜுக்கு மேல்பக்கம்: குழாய் வாயில் இருக்கும் வலையில் இலை, குழாயில் கசிவு, ஃபோர்பேயில் தண்ணீர்க் குறைவு. முள் 5.7-க்கு மேலே ஏறினால் கோளாறு கேஜுக்குக் கீழ்ப்பக்கம்: நாசிலில் ஏதோ மாட்டிக்கொண்டு தண்ணீர் போக வழியில்லாமல் முட்டுகிறது. ஒரே ஒரு முள் மலை முழுக்க நடக்கிற அலைச்சலை மிச்சப்படுத்தும். வருஷக்கணக்காக அதை நம்பித்தான் வேலை செய்திருக்கிறேன்.

அன்றைக்கு முள் காட்டியது 5.7.

லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, உண்மைதான். ஆனால் அந்த கேஜில் கிளிசரின் ஒழுகிப்போய்ப் பல மாதம் ஆகிறது. கிளிசரின் இல்லாத முள் நடுங்கத்தான் செய்யும் என்று எல்லோரும் பழகிவிட்டோம். அதனால் நான் எடுத்த முடிவு: தண்ணீர்ப் பக்கம் சுத்தம், கோளாறு கரண்ட் பக்கம்.

இந்த முடிவுக்கு இரண்டு நாள் போனது.

முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் ஊருக்குச் சொல்லிவிட்டு மெயின் பிரேக்கரை இறக்கினோம். இப்போது உற்பத்தி முழுவதும் ஹீட்டருக்கே போக வேண்டும். மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தால் 14 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. வழக்கமாக 22 இருக்கும். ஈ.எல்.சி. அலையை வெட்டி அனுப்புவதால் மலிவான மீட்டர் இந்த இடத்தில் பொய் சொல்லும், வெட்டுப்பட்ட அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர்தான் வேண்டும். கூட்டிப் பார்த்தால் 9.5 கிலோவாட். ஆக, எங்கேயும் திருட்டுமில்லை, கம்பியில் கசிவுமில்லை. ஜெனரேட்டரிலிருந்து வருவதே அவ்வளவுதான்.

ஜெனரேட்டரின் வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர். மேல் எனக்கு முதல் சந்தேகம். சாயங்காலம் 190 வோல்ட் பார்த்தேன் அல்லவா. மறுநாள் காலையில் உதிரி ஏ.வி.ஆரை மாட்டினேன். அதே 9.5. யோசித்திருந்தால் மாட்டியிருக்கவே மாட்டேன்: சுற்று குறைந்து 47 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் ஜெனரேட்டரைக் காப்பாற்ற ஏ.வி.ஆர். தானே வோல்டேஜை இறக்கும். 190 வோல்ட் என்பது அது ஒழுங்காக வேலை செய்ததற்குச் சாட்சி. பிறகு மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போட்டு வைண்டிங் இன்சுலேஷன் பார்த்தேன், நன்றாக இருந்தது. பேரிங்கைக் கையால் சுற்றிக் காது வைத்துக் கேட்டேன், சத்தமில்லை. மூடியைத் திறந்து ரன்னர் கரண்டிகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். நடு விளிம்பில் மணல் தேய்த்த கோடு இருந்தது, ஆனால் போன வருஷம் இருந்த அதே கோடு. இரண்டாம் நாள் இப்படியே கழிந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடத்தையும் பாதி வீடுகளையும் நிறுத்தி வைத்துச் சமாளித்தோம். மருந்தகத்து ஃப்ரிட்ஜுக்கு மட்டும் டீசல் ஜெனரேட்டர். அதற்கு டீசல் படகில்தான் வர வேண்டும்.

மூன்றாம் நாள் காலை தம்பிதான் கேட்டான். "அண்ணே, ரெண்டு நாசிலும் ஒரே அளவுதான் அடிக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். இரண்டும் ஒரே கவசத்துக்குள் அடிக்கின்றன. வெளியிலிருந்து கேட்பது ஒரே இரைச்சல். நாசிலை ஒன்றொன்றாக ஓட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும், ஒரு போல்ட்டும் கழற்ற வேண்டாம். முதல் இரவே செய்திருக்க வேண்டியது. 5.7 என்ற எண் என் கண்ணை மறைத்துவிட்டது.

நாசிலுக்குள் ஈட்டி மாதிரி ஒரு கூம்பு இருக்கும். கைச்சக்கரத்தைத் திருப்பினால் அது முன்னால் வந்து துவாரத்தை அடைக்கும். அதைத் திருப்புவதில் அவசரம் கூடாது. குழாயில் நொடிக்கு 1.27 மீட்டர் வேகத்தில் 17 டன் தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கிறது. டக்கென்று நிறுத்தினால் அந்த அதிர்ச்சி எங்கள் குழாயில் ஏறத்தாழ 4.5 பார் கூடுதலாகக் கொடுக்கும். 6.1-ஓடு சேர்த்தால் பத்தரையைத் தாண்டுகிறது. அடிப்பகுதிக் குழாயின் தரம் 10 பார்தான். அதனால் ஒரு சுற்று திருப்பி ஐந்து எண்ணி, அடுத்த சுற்று. முழுசாக மூட இரண்டு நிமிஷம். பொறுமையில்லாத ஆளை இந்தச் சக்கரத்தின் பக்கமே விடுவதில்லை.

இரண்டாம் நாசிலை மூடி முதல் நாசிலை மட்டும் ஓட்டினோம்: 7.2 கிலோவாட். முதலாவதை மூடி இரண்டாவதை மட்டும் ஓட்டினோம்: 2.3.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மரியாதைக்கு நன்றி.

மதியம் ஊரை முழுசாக நிறுத்திவிட்டு இரண்டாம் நாசிலைக் கழற்றினோம். கிளை வால்வை மூடி, வடிகுழாயைத் திறந்து, தண்ணீர் வடிந்து நின்ற பிறகும் ஃபிளாஞ்சின் கடைசி இரண்டு போல்ட்டைத் தளர்த்தும்போது பக்கவாட்டில் நின்றோம். உள்ளே தேங்கிய தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடித்த அனுபவம் உண்டு. ஈட்டித் தண்டை நடுவில் பிடித்திருக்க மூன்று விலா எலும்பு மாதிரித் தகடுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டுக்கு நடுவே, முழங்கை நீளத்துக்கு ஒரு பழுப்புச் சடை. மெல்லிய வேர்கள். நொடிக்கு இருபது லிட்டர் தண்ணீர் முறுக்கி முறுக்கி அதை ஜடை பின்னியது போல ஆக்கியிருந்தது. வாலிலிருந்து ஒரு வேர்ப் பிசிறு துவாரம் வரை நீண்டு கூம்பின் நுனியில் உட்கார்ந்திருந்தது. ஜெட் நேராகப் போக வேண்டிய இடத்தில் அது தண்ணீரை விசிறியாக விரித்து அடித்திருக்கிறது. கரண்டியின் நடு விளிம்பில் விழாத தண்ணீரால் பிரயோஜனமில்லை, பாதி கவசத்தின் சுவரைத்தான் கழுவியிருக்கும்.

விரலால் வேர்களைப் பிரித்துக்கொண்டே போனேன். உள்ளே நீலமாக ஏதோ தெரிந்தது. ஐந்து மில்லிமீட்டர் நைலான் கயிறு, ஒரு சாண் நீளம். ஒரு முனை பிய்ந்து பஞ்சாக இருந்தது. மறுமுனையில், பிரியாமல் இருக்க நெருப்பில் காட்டி உருக்கிய கரும்பொட்டு.

அப்படி உருக்குவது என் வழக்கம். கயிறு எங்களுடையது. எங்கே கட்டியது என்றுதான் அப்போது ஞாபகம் வரவில்லை. வலைக் கம்பிகளின் இடைவெளி 6 மில்லிமீட்டர். ஈட்டி வைத்த நாசிலுக்குத் துவார விட்டத்தின் கால்பங்குக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பது நடைமுறை. எங்கள் துவாரம் 28 மில்லிமீட்டர், கால்பங்கு 7. கணக்கு சரிதான். ஆனால் கயிறு குறுக்கே வராமல் நீளவாக்கில் பாம்பு மாதிரி நுழைந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. அதன் பின்னால் வந்த ஒவ்வொரு வேரும் அதில் கட்டிக்கொண்டது.

நாசிலைக் கழுவி, புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கி, மெல்லத் தண்ணீரைத் திறந்தோம். 14.5 கிலோவாட். தம்பி கை தட்டினான். நானும் ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினேன். கேஜைப் பார்த்தது தற்செயல்.

முள் 5.5-க்கும் 5.6-க்கும் இடையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் எனக்கு எதுவும் ஓடவில்லை. அடைப்பை எடுத்திருக்கிறோம். தண்ணீர் கூடியிருக்கிறது, கூடினால் உராய்வு கூடும், அழுத்தம் இறங்கும், அதெல்லாம் சரி. ஆனால் இறங்கி நிற்க வேண்டிய இடம் 5.7. பிறகுதான் எதிர்ப்பக்கமிருந்து யோசித்தேன். நாசில் அடைத்திருந்தபோது முள் எங்கே இருந்திருக்க வேண்டும்? நொடிக்கு 27 லிட்டர்தான் ஓடியிருக்கும், உராய்வு பாதியாகக் குறையும், 5.9 காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. ஆக, கேஜுக்கு மேல்பக்கமும் ஒரு கோளாறு இருந்திருக்கிறது. கீழே இருந்த அடைப்பு முள்ளை 0.2 ஏற்றியது, மேலே இருந்த ஏதோ ஒன்று அதே 0.2 இறக்கியது. இரண்டும் கழித்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று எனக்கு 5.7-ஐக் காட்டின.

0.2 பார் என்றால் கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம். 62-இல் 2 மீட்டர் தனியாகப் பெரிய நஷ்டமில்லை. ஆனால் துடிப்பு? டர்பைன் கவசத்தின் மேல் உள்ளங்கையை வைத்தால் சீராக அதிர வேண்டியது, நடுநடுவே படபடவென்று தும்மியது. தண்ணீரோடு காற்று வருகிறது.

நான்காம் நாள் விடிந்ததும் குழாயோடு நடந்தோம். கையில் ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவர்: நுனியைக் குழாயில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தால் உள்ளே ஓடுவது கேட்கும். செங்குத்துப் பகுதியில் ஒரே சீரான ஓசை. மேலே, ஃபோர்பேயிலிருந்து ஏறத்தாழ சமதளமாக வரும் குழாய் சரிவில் இறங்கத் தொடங்கும் வளைவில் களகளவென்று சத்தம், குடத்தைக் கவிழ்த்த மாதிரி. மரக்கட்டையால் தட்டினேன். மற்ற இடத்தில் மொத்தென்று விழும் தட்டு, அங்கே டொக்கென்றது. அந்த வளைவுக்கு முன்னால் இருந்த கல் தாங்கி மழையில் மண் அரித்து ஒரு கையகலம் தாழ்ந்திருந்தது. அதனால் குழாய் அங்கே தொங்கி, வளைவு மேடாகியிருந்தது. மேட்டில் காற்று தங்கி, சரிவில் கொஞ்ச தூரம் வரை குழாயின் மேல்பாதியைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தூரத்தில் தண்ணீர் குழாய் நிறைய ஓடாமல் வாய்க்கால் போல வழிகிறது. அத்தனை உயரமும் அழுத்தமாக மாறாமல் வீண். தண்ணீர் வேகமாக ஓடினால் குமிழிகளை அடித்துக்கொண்டு போய்விடும். நாசில் அடைத்து வேகம் குறைந்திருந்ததால் காற்றுக்குச் சௌகரியமாகப் போயிருக்கிறது. இப்போது நாசில் சுத்தமானதும் தண்ணீர் அதைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே அனுப்புகிறது, அதுதான் தும்மல்.

காற்று எங்கிருந்து வந்தது என்பதற்கு ஃபோர்பே வரை போக வேண்டியிருந்தது.

தொட்டியை எட்டிப் பார்த்ததும் தம்பி சொன்னான்: "பலகை எங்கண்ணே?"

வழிந்தோடும் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பலகைகள் இருக்கும். மேல் பலகையைக் காணோம். அதை வளையத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது நீல நைலான் கயிறு. வளையத்தில் இன்னும் ஒரு முடிச்சு மிச்சமிருந்தது, அதன் வால் பஞ்சாகப் பிய்ந்து. போன மாதம் வண்டல் வாரும்போது பலகையை எடுத்துத் திருப்பி வைத்தது நான். ஆப்பு அடிக்காமல், கயிறு இருக்கிறதே என்று விட்டதும் நான். வெள்ளம் வந்த இரவில் பலகை மிதந்து, கயிற்றை இழுத்து அறுத்துக்கொண்டு ஓடையோடு போயிருக்கிறது. அறுந்த துண்டு தொட்டிக்குள் விழுந்து குழாய் வழியாக வந்திருக்கிறது.

பலகையின் அகலம் 18 சென்டிமீட்டர். நீர்மட்டம் அவ்வளவுதான் இறங்கியிருந்தது. 62 மீட்டர் கணக்கில் அது தூசு. ஆனால் குழாய் வாயின் மேல் நிற்க வேண்டிய தண்ணீருக்குத் தனிக் கணக்கு உண்டு: குழாயில் ஓடும் வேகத்தை விட்டத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தால் பெருக்கி, வருகிற வழியின் அமைப்பைப் பொறுத்து 0.54 முதல் 0.72 வரை ஓர் எண்ணால் மறுபடி பெருக்க வேண்டும். எங்களுக்கு வருவது 40 சென்டிமீட்டர். அளவுகோலை விட்டுப் பார்த்தேன்: 22. பார்த்துக்கொண்டே இருந்தபோது வலைக்குப் பின்னால் ஒரு சுழி பிறந்தது, ஒரு இலையைச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்து, உர்ரென்று ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டுக் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

மீதி வேலை சாதாரண வேலைதான். புதுப் பலகை அறுத்து, ஆப்பு அடித்து, சங்கிலியால் பிணைத்தோம். குழாயை வடித்துவிட்டு, தாழ்ந்த இடத்தில் வண்டி ஜாக்கி வைத்து 11 சென்டிமீட்டர் தூக்கி, கீழே கல் அடுக்கிக் கான்கிரீட் போட்டோம். வளைவின் உச்சியில் சேடில் (குழாயைக் கவ்வும் பட்டை) மாட்டித் துளை போட்டு முக்கால் அங்குல பால் வால்வு ஒன்று வைத்தேன். தானியங்கிக் காற்று வால்வுதான் முறை என்பது தெரியும். ஆனால் எங்கள் ஓடை மணலில் அதன் மிதவை சிக்கிக்கொண்டு நாள் முழுக்க ஒழுகும். வாரம் ஒரு முறை ஆள் நடந்துபோய்த் திறந்து மூடுவது எனக்குச் சரியாகப் படுகிறது, அந்தச் சாக்கில் தாங்கிகளையும் பார்க்கலாம்.

தண்ணீர் விடும்போது அந்த வால்வைத் திறந்து வைத்திருந்தோம். முதலில் சீறல், பிறகு சளசளவென்று நுரை, கடைசியில் விரல் தடிமனுக்குச் சுத்தமான தண்ணீர். மூடிவிட்டுக் கீழே வந்தோம். 15.3 கிலோவாட், 5.7 பார். கிளிசரின் இல்லாத அதே முள்தான், அசையாமல் நின்றது.

இப்போது கேஜுக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறோம்: நின்றால் 6.1, ஒரு நாசில் ஓடினால் 6.0, ஒவ்வொன்றும் 7 கிலோவாட்டுக்குக் குறையாமல். இரண்டும் ஓடினால் 5.7, 15 கிலோவாட். மாதம் ஒரு முறை நாசிலைத் தனித்தனியாக ஓட்டிப் பார்த்துத் தேதி போடுவது தம்பியின் பொறுப்பு. புது கேஜுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அடுத்த படகில் வரலாம். பழைய பலகை நிலையத்துக்குக் கீழே ஓடை வளைவில் ஒதுங்கியிருந்தது. ஓரம் லேசாகச் சிதைந்திருக்கிறது, அதன் வளையத்திலும் ஒரு சாண் நீலக் கயிறு.